இலங்கைக்குக் குடும்பத்தோடு: சொந்தம் பார்த்து, கை கொடுத்து, ஊரும் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவிலேயே இலங்கையில் சொந்தம் உள்ள வீடுகள் சில உண்டு. 1964-இல் போடப்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதியான மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரண்டு நாடும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இந்தியா, தம்பி இலங்கை என்று ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். என் அம்மாவைப் பெற்ற ஆயா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அவருடைய தம்பி குடும்பம் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்துவிட்டது. அந்தத் தம்பி மகள்தான் எனக்கு அத்தை. இந்த வழிகாட்டியில் அடிக்கடி வரப்போகிறவரும் அவர்தான்.

இப்படிச் சொந்தம் உள்ளவர்கள், "எப்படியும் போகிறோம், பிள்ளைகளுக்கு ஊரையும் காட்டலாம், அங்கே கஷ்டப்படுகிறவர்களுக்கு நம்மால் ஆனதையும் செய்யலாம்" என்று நினைப்பது நல்ல நினைப்பு. ஆனால் மூன்றையும் ஒரே பயணத்தில் செய்யும்போது எதை முதலில் திட்டமிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டூர் பேக்கேஜை முதலில் பதிவு செய்தால், சொந்தக்காரர் வீட்டுக்குக் கடைசியில் அரை நாள்தான் மிஞ்சும். உதவி என்பது வேன் ஜன்னல் வழியாக பிஸ்கட் பாக்கெட் நீட்டுவதாகச் சுருங்கிவிடும். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் சொந்தம், சொந்தம் காட்டும் வழியில் உதவி, மிச்ச நாளில் ஊர் சுற்றல். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த வரிசையில்தான் போகும்.

படி 1: டிக்கெட்டுக்கு முன் ஒரு போன்

மூன்று மாதம் முன்பே அங்கே உள்ள பெரியவரிடம் பேசுங்கள். வாட்ஸ்ஆப்பில் "வருகிறோம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு விட வேண்டாம். நிதானமாகப் பேசி, மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யார் யார் எப்போது இருப்பார்கள்? கல்யாணம், காது குத்து, திதி என்று அந்த மாதத்தில் ஏதாவது உண்டா? நாம் எங்கே தங்கினால் அவர்களுக்கு வசதி?

மூன்றாவதை நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு வீடு என்பது பெரும்பாலும் ஒரு சின்ன அறை, முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு சமையல் இடம். ஐந்து பேர் பெட்டியோடு போய் இறங்கினால், அவர்கள் படுக்கையை நமக்குக் கொடுத்துவிட்டு அக்கம்பக்கத்து வீட்டில் போய்ப் படுப்பார்கள். வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ அறை எடுத்துக்கொண்டு, பகல் முழுக்க அவர்களோடு இருப்பது நல்லது. "பெரியவங்களுக்கு வெந்நீர் வேணும், அதனால லாட்ஜ்ல தங்கறோம்" என்று காரணம் சொன்னால் அவர்கள் மனமும் நோகாது. ஆனால் ஒரு ராத்திரியாவது, குடும்பத்தில் ஓரிருவராவது, அந்த வீட்டிலேயே தங்குங்கள். பழைய கதைகள் ராத்திரியில்தான் வெளியே வரும்.

இப்போது மாதம். நம் பிள்ளைகளின் கோடை விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது. இலங்கையில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் தவணை விடுமுறை. ஏப்ரல் நடுவில் புத்தாண்டு. தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கொண்டாடுவது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள். சொந்தம் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆனால் பள்ளிக்கூடம் மூடியிருக்கும், கடைகள் அடைத்திருக்கும், ரயிலிலும் பஸ்ஸிலும் கால் வைக்க இடம் இருக்காது. மே மாதத்தில் பள்ளிகள் நடக்கும், புத்தரைக் கொண்டாடும் வெசாக் பௌர்ணமிக்கு ஊரெல்லாம் விளக்குக் கூடு தொங்கும். ஆனால் மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் பள்ளிக்கு உதவி செய்ய நினைப்பவர்களுக்கு மே முதல் பாதி நல்லது. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்குமென்றால் பொங்கலை ஒட்டிய ஜனவரி இன்னும் நல்லது. பொங்கல் அங்கே அரசு விடுமுறை. மலையில் குளிர் இருக்கும், மழை குறைவு. புதுக் கல்வியாண்டு என்பதால் பிள்ளைகளுக்குத் தேவையும் அப்போதுதான் அதிகம்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மண்சரிவில் வீடுகள் போயின, ரயில் பாதை பல இடங்களில் சேதமானது. உங்கள் சொந்தம் அந்தப் பக்கம் என்றால், வீடு எப்படி இருக்கிறது, பாதை எதுவரை திறந்திருக்கிறது என்று கேட்ட பிறகே மற்றதை யோசியுங்கள். ஊர் சுற்றும் திட்டம் மாறினால் மாறட்டும்.

படி 2: காகிதங்கள்

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான், அல்லது 18 வயது வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரை. அப்பா அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பிள்ளையுடையது காலாவதி ஆனதைக் கவனிக்காமல் விடுவது பல வீட்டில் நடக்கிறது. புதிதாக எடுக்க வட சென்னைக்காரர்களுக்கு அமைந்தகரை சேவா கேந்திரா வசதி. பிள்ளைக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற சம்மதப் படிவம் வேண்டும்.

இலங்கைக்குள் நுழைய ஈடிஏ என்ற முன் அனுமதியை ஆன்லைனில் வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இந்தியர்களுக்குக் கட்டணம் உண்டா, இல்லையா என்பது அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே போகும் மாதத்தில் அரசுத் தளத்திலேயே பாருங்கள். கவ் டாட் எல்கே என்று முடிவதுதான் அரசுத் தளம். அதே மாதிரி தோற்றத்தில் சேவைக் கட்டணம் பிடிக்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். படிவத்தில் தங்கும் இடம் கேட்பார்கள். லாட்ஜ் முகவரியோ சொந்தக்காரர் முகவரியோ, எதைக் கொடுக்கிறீர்களோ அதையே விமான நிலையத்திலும் சொல்லுங்கள்.

அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளைகளை அழைத்துப் போவதாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். கேட்காமலும் போகலாம், கேட்டால் உதவும்.

இன்னொன்று முக்கியம். நாம் போவது சுற்றுலா அனுமதியில். சொந்தக்காரர் ஊர்ப் பள்ளிக்குக் கொப்பி (நம் நோட்டுப் புத்தகம்) வாங்கிக் கொடுப்பது வேறு. மருத்துவ முகாம் நடத்துவது, கூட்டம் போட்டு மதம் பேசுவது, வசூல் செய்வது வேறு. இரண்டாவது வகை எதிலும் இறங்க வேண்டாம்.

படி 3: பணத்தை முதலிலேயே பிரித்துவிடுங்கள்

மூன்று கவர். சொந்தத்துக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று, சுற்றுலாவுக்கு ஒன்று. சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் உதவிக் கவரில் முதலில் போடுங்கள். சுற்றுலாவில் செலவு கூடினால் சுற்றுலாவைக் குறைக்க வேண்டுமே தவிர அந்தக் கவரைத் தொடக் கூடாது. இதைப் பிள்ளைகள் முன்னால் செய்யுங்கள். அவர்கள் உண்டியல் காசும் அதில் சேரும்.

வெளிநாட்டு நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை எடுத்துப் போகலாம்; அதற்கு மேல் கார்டில்தான். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்துக்கொள்ளலாம். பணம் மாற்றுவதை ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள கடையில் செய்து பில்லை வாங்கி வையுங்கள். பாரிமுனைப் பக்கம் பில் இல்லாமல் நாலு பைசா கூடத் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம். கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே வங்கிக் கவுன்டர்கள் வரிசையாக இருக்கும். அங்கே மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் நம் யுபிஐயும் தொடங்கியிருக்கிறது. லங்கா கியூஆர் ஒட்டியிருக்கும் கடைகளில் ஸ்கேன் செய்யலாம். கொழும்பில் சரி, தோட்டப் பக்கம் கையில் நோட்டு வேண்டும்.

பெரிய தொகையாகக் கொடுக்க நினைத்தால் கையில் தூக்கிப் போகாதீர்கள். திரும்பி வந்து வங்கி வழியாக அனுப்பலாம். இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் விதியில் வெளிநாட்டுக்கு அன்பளிப்பு, நன்கொடை இரண்டுக்கும் இடம் உண்டு. ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. நம் தேவை அதன் பக்கத்தில்கூட வராது. ஏ2 படிவம் நிரப்பினால் முடிந்தது. உண்டியல் என்று சொல்லும் ஹவாலா வழியாக அனுப்பினால் உடனே சேரும் என்று யாராவது சொல்வார்கள். அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு, வாங்குகிறவருக்கும் ஆபத்து. இன்னும் ஒன்று: வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது. ரசீது வாங்குங்கள், ஆனால் அது கணக்குக்கு மட்டும்.

படி 4: உதவி. யாருக்கு, எதை, எப்படி

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

நாம் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவோம். அத்தை அதே லயத்தில், அதே பக்கத்து வீட்டுக்காரர்களோடு வாழ வேண்டும். இருபது வீட்டில் ஐந்து வீட்டுக்குச் சேலை கொடுத்தால், மிச்சம் பதினைந்து வீடும் கேள்வி கேட்பது அத்தையைத்தான். "உங்க ஆளுங்க வந்தாங்களே, எங்களத் தெரியலையா?" என்று தண்ணீர்க் குழாயடியில் வருஷக்கணக்கில் கேட்பார்கள். அதனால் தனி ஆளுக்குக் கொடுப்பதைத் தவிர்த்து, எல்லாரும் புழங்கும் இடத்துக்குக் கொடுங்கள். பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா, கோயில் மண்டபம், முதியோர் இல்லம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்பார்கள். ஒரு கட்டு பாய், போர்வை, கழுவக்கூடிய விரிப்பு என்று அங்கே கொடுத்தால் எல்லா வீட்டுக் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

அதற்கு முன், சொந்தக்காரரின் தேவையைத் தனியாக, யாருக்கும் தெரியாமல் கவனித்துவிடுங்கள். அத்தை வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகும்போது பள்ளிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பதில் நியாயம் இல்லை. ஆனால் அதை முதல் கவரிலிருந்து செய்யுங்கள். தர்மக் கணக்கில் சேர்க்காதீர்கள். சொந்தத்துக்குச் செய்வதை தர்மம் என்று சொன்னால் அவர்களுக்கு வலிக்கும்.

என்ன வேண்டும் என்பதை நாமே ஊகிக்கக் கூடாது. இலங்கை அரசு பள்ளிப் பாடநூலையும் சீருடைத் துணியையும் இலவசமாகத் தருகிறது. அங்கே போய்ப் பாடநூல் வாங்கித் தருகிறேன் என்றால் யாருக்கும் பயன் இல்லை. கொப்பி, பை, சப்பாத்து (ஷூ), பேனா இவற்றில்தான் வீடுகளுக்குச் செலவு. அத்தை வழியாகப் பள்ளி அதிபரிடம் (தலைமை ஆசிரியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பேசுங்கள். அவர் எழுதித் தரும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக் கதவு, தண்ணீர் டேங்க், மோட்டார் என்று நாம் நினைக்காதது பட்டியலில் முதலில் வரலாம். அதைச் செய்யுங்கள். படம் எடுத்துக் காட்ட அழகாக இருக்காது, ஆனால் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிபருக்குத் தெரியும்.

அனுமதியையும் அவர் வழியாகவே வாங்குங்கள். பள்ளிக்கு என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது. தேவைப்பட்டால் வலயக் கல்விப் பணிமனைக்கு அதிபரே எழுதுவார். தோட்ட இடம் கம்பெனியுடையது. பிள்ளைக்காம்பராவுக்கு என்றால் தோட்ட நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சிறுவர் இல்லங்கள் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் என்ற அரசுத் துறையின் பார்வையில் இருப்பவை. முன் அனுமதி இல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள். என் கருத்து, சுற்றுலாவின் நடுவே சிறுவர் இல்லத்துக்குப் போகவே வேண்டாம். ஒரு மணி நேரம் கொஞ்சிவிட்டுப் போகும் அந்நியர்களால் அந்தப் பிள்ளைகளுக்கு நன்மை இல்லை. இல்லத்துக்கு அரிசி பருப்பு தேவை என்றால் கடையில் சொல்லி இறக்கிவிடலாம்.

சரி, எதை இங்கிருந்து தூக்கிப் போவது, எதை அங்கே வாங்குவது? கொப்பியை ஆண்டர்சன் தெருவில் மொத்த விலைக்கு வாங்கித் தூக்கிப் போக ஆசை வரும். வேண்டாம். அங்கே பள்ளிகளில் கேட்பது சி.ஆர். கொப்பி, அளவும் கோடும் வேறு. பெட்டிப் பெட்டியாக ஒரே பொருளைக் கொண்டுபோனால் கஸ்டம்ஸில் வியாபாரச் சரக்கா என்று கேட்பார்கள். ஹட்டன் கடையில் வாங்கினால் அந்த ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு, அளவு தவறினால் மாற்றியும் தருவார். பழைய துணி மூட்டையும் வேண்டாம். நாம் உடுத்திக் கழித்ததை அவர்களுக்கு ஏன் தர வேண்டும்? இங்கிருந்து கொண்டுபோகத் தகுந்தது தமிழ்க் கதைப் புத்தகம். இந்தியாவில் அச்சிடும் சிறுவர் புத்தகங்கள் அங்கே விலை அதிகம். படம் நிறைந்த, பெரிய எழுத்துப் புத்தகங்களை ஆளுக்கு நாலு கிலோ என்று எல்லார் பெட்டியிலும் பிரித்து வையுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் வேண்டாம், பாடத்திட்டம் வேறு. மருந்தும் வேண்டாம்; மருத்துவர் சீட்டோடு நம் சொந்தத் தேவைக்கு உள்ளது மட்டும்.

சப்பாத்துக்கு அத்தை செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். வயதைக் கேட்டு வாங்கினால் பாதி பொருந்தாது. அத்தை முன்பள்ளிப் பிள்ளைகளைப் பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளின் மேல் ஒவ்வொருவராக நிற்க வைத்து, பேனாவால் காலைச் சுற்றி வரைந்து, உள்ளே பெயரை எழுதி, கத்தரித்து வைத்திருந்தார். அந்தத் தாள்பாதங்களைக் கடைக்கு எடுத்துப்போய், ஒவ்வொன்றையும் சப்பாத்துக்குள் நுழைத்து, முன்னால் ஒரு விரல் இடம் விட்டுத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகள் வளர்கிற கால்கள், அதனால் அந்த ஒரு விரல். என் மகள்தான் பெயர் படித்தாள். மறுநாள் அதே பிள்ளைகளைப் பார்த்தபோது அவளுக்குப் பாதிப் பெயர்கள் மனப்பாடம்.

கொடுக்கும் நாளில் அதிபர் மாலை, பொன்னாடை, மேடை எல்லாம் ஏற்பாடு செய்ய நினைப்பார். அது அவர்களின் மரியாதை, முகத்தில் அடித்தாற்போல மறுக்கக் கூடாது. "பத்து நிமிஷத்துல முடிச்சுக்கலாம் சார், பிள்ளைங்க வெயில்ல நிக்க வேணாம்" என்று முன்பே பேசிவிடுங்கள். சாமான்களை ஆசிரியர்களிடம் ஒப்படைத்து, வகுப்பறையில் அவர்களே பிரித்துக் கொடுக்கட்டும். கை நீட்டி வாங்கும் பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள். பேனர், பெயர் அச்சடித்த பை எதுவும் வேண்டாம். கணக்குக்காகப் படம் தேவைப்பட்டால் சாமான்களை மட்டும் எடுங்கள். கொண்டுபோன கதைப் புத்தகத்தில் ஒன்றை எடுத்து, நம் பிள்ளையும் அங்குள்ள பிள்ளையும் ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் கூச்சம் போய்விடும்.

பெரிய தொகையை ஒரே தடவை கொட்டுவதைவிட, சின்னத் தொகையை வருஷம் தவறாமல் செய்வது மேல். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு என்று பிடித்துக்கொண்டால் அதிபரும் அதை நம்பித் திட்டம் போடுவார்.

படி 5: பெட்டி கட்டுதல்

சொந்தக்காரர்களுக்கு எம்.சி. ரோட்டில் எடுக்கும் சேலை, நைட்டி, சுடிதார் துணி எல்லாம் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். வயதானவர்களுக்குக் கம்பளிச் சால்வை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். நமக்கும் ஸ்வெட்டர் வேண்டும். மழைக்காலத் தோட்டத்தில் அட்டை ஏறும். உப்புப் பொட்டலம் ஒன்று போதும். பழைய குடும்பப் போட்டோக்களைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போங்கள். கல்யாணப் போட்டோவில் ஒரு மூலையில் நிற்கும் சின்னப் பெண் யார் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நகை நிறைய போட்டுப் போகிறவர்கள் சென்னைக் கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் திரும்பும்போது கேள்வி இல்லை. அதைவிட, நகையை வீட்டிலேயே விட்டுப் போவது உத்தமம். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் கொடுக்கும் பார்சலைப் போகும்போதும் வரும்போதும் வாங்காதீர்கள். கொழும்பு விமானங்களில் தங்கச் சோதனை கடுமை. பாவம் பார்த்து வாங்கிய ஒரு பொட்டலம் குடும்பத்தையே உட்கார வைத்துவிடும்.

படி 6: போகும் வழி

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக்காரர்கள் பெட்டியோடு ஏறினால் மாறாமல் இறங்கலாம். விடியற்கால விமானத்துக்கு மட்டும் வண்டி பேச வேண்டும்.

சென்னை - கொழும்பு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். யாழ்ப்பாணத்துக்கும் சென்னையிலிருந்து நேராகச் சின்ன ஏடிஆர் விமானம் உண்டு. அதில் கைப்பெட்டி அளவில் கறாராக இருப்பார்கள். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. நான்கு மணி நேரம் போலக் கடலில். ஆயா காலத்துக் கப்பல் பயணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைப்பவர்களுக்கு நல்ல வழி, ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். தேதி கட்டாயம் என்றால் விமானமே சரி.

வடக்கிலும் சொந்தம் இருந்தால் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணத்தில் ஏறுங்கள். கொழும்பு, மலையகம், கண்டி, அங்கிருந்து ஏ9 சாலையில் வடக்கு என்று ஒரே திசையில் போய்விடலாம். வடக்கில் சொந்தம் இல்லையென்றால் இந்த முறை யாழ்ப்பாணத்தை விட்டுவிடுங்கள். வயதானவர்களை வைத்துக்கொண்டு தீவு முழுக்க ஓடினால் யாரோடும் உட்கார்ந்து பேச முடியாது. குடும்பமாகப் போவதற்கு டிரைவரோடு வேன்தான் வசதி. தமிழ் பேசும் டிரைவரை அத்தையே பார்த்துச் சொல்வார்; அவர் பாதி வழிகாட்டி. சிம் கார்டை விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். ஆம்புலன்ஸ் எண் 1990, கட்டணம் இல்லை. இந்திய உதவியில் 2016-இல் தொடங்கிய சேவை அது.

படி 7: மிச்ச நாளில் ஊர் சுற்றல்

கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். ஆர்மேனியன் தெரு அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை போகிற வட சென்னைக்காரர்களுக்கு அங்கேயும் செவ்வாய்க் கூட்டம் பழக்கமானதாகவே இருக்கும். அங்கும் எல்லா மதத்தாரும் வருவார்கள். 2019 ஈஸ்டர் நாளில் குண்டு வெடித்த கோயில் அது. சில மாதங்களுக்குள் மறுபடி திறந்துவிட்டார்கள். பக்கத்திலேயே கருங்கல்லில் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பள்ளிவாசல். இந்த மூன்றும் ஒரு காலைப் பொழுதில் முடியும்.

மலைப்பக்கம் ரயில் ஓடும் பகுதிகளில் ரயிலிலேயே போங்கள். தலவாக்கலை அருகே டெவன், சென்ட் கிளேயர் அருவிகளை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். சீதா எலிய அம்மன் கோயில், ஹக்கல பூங்கா ஒரு நாள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம்; 2,243 மீட்டர், ராத்திரி முழுக்கப் படி ஏற வேண்டும். இளைஞர்கள் போகட்டும், பெரியவர்கள் அத்தை வீட்டில் இருக்கட்டும். கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது.

யாழ்ப்பாணம் போனால் நல்லூரும் நயினாதீவும் எல்லாரும் சொல்வார்கள். நான் பொது நூலகத்தைச் சொல்வேன். 1981 ஜூன் 1-ஆம் தேதி இரவோடு இரவாக எரிந்ததில் 97,000 புத்தகங்களும் ஓலைச் சுவடிகளும் போயின. இப்போது வெள்ளைக் கட்டடமாக மறுபடி நிற்கிறது. பிள்ளைகளைச் சிறுவர் பகுதி வரை கூட்டிப்போய்க் காட்டுங்கள். போரைப் பற்றி அங்குள்ள சொந்தங்களிடம் நாமாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வெசாக் சமயத்தில் போகிறவர்கள் ரோட்டோரத் தன்சல் பந்தலில் நின்று சாப்பிடுங்கள். நம் பக்கத்தில் ஆடி மாதம் கூழ் ஊற்றுவது போலத்தான்; யார் எவர் என்று கேட்காமல் சோறும் பானமும் தருவார்கள். கொடுக்கப் போன இடத்தில் வாங்கிச் சாப்பிடுவதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

படி 8: திரும்பி வந்த பிறகு

வந்த வாரத்திலேயே வீடு வந்து சேர்ந்ததை எல்லார் வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்து சொல்லுங்கள். எடுத்த போட்டோக்களைப் பிரின்ட் போட்டு, அடுத்து போகிற நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். பள்ளிக்கு வாங்கியதன் பில்களை ஒரு கவரில் போட்டு, என்ன வாங்கினோம், என்ன மிச்சம் கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். குடும்பத்தில் பணம் போட்ட அண்ணன், சித்தப்பா எல்லாருக்கும் அந்தத் தாளின் நகல் போகட்டும். அதிபர் கேட்ட டேங்க், மோட்டார் மாதிரிப் பெரிய வேலை பாக்கியிருந்தால், பள்ளி அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கு விவரத்தை அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு, நிதியாண்டு முடிவதற்குள் வங்கியில் ஏ2 படிவம் கொடுத்துவிடுங்கள். அடுத்த வருஷத்துக் கவரை அன்றைக்கே பீரோவில் எடுத்து வைக்கலாம்.